மெக்ரேயின் வாசகர்கள்

துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிப்போர் பலர் அவ்விருப்பத்தை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்கு யாரேனும் கல்விமான் வந்துவிட்டால், மேசைமேற் கிடக்கும் மர்ம நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன்மேல் கனதியான வேறொரு நூலை எடுத்து வைப்பர். நானும் அவ்வாறு செய்தவனே. என் மேசையில் அவ்விதம் கவிழ்த்து வைக்கப்பட்ட நூல்களுள் பெரும்பாலானவை ஜோர்ஜ் சிமெனோன் என்பவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய பொலிஸ் நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்களாகும்.

சிமெனோன் 1903ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிற் பிறந்தவர். பதினாறு வயது நிரம்பு முன்னரே பத்திரிகை நிருபராகி, பின்னர் பாரிஸ் சென்று, பல புனைபெயர்களில் மலிவுப் பதிப்புக் கதைகளை எழுதிக் குவித்தவர். பாரிஸ் பொலிஸ் அதிகாரியான மெக்ரே என்னும் பாத்திரத்தை வைத்து 1931 முதல் 1972 வரை 75 நாவல்களையும் 28 சிறுகதைகளையும் எழுதினார். பருத்த உடம்பு, வாயில் எந்நேரமும் சுங்கான், நடையிலே ஒரு மந்தம், வீட்டிலே பொறுமையே உருவான மனைவி: இவைதாம் மெக்ரே. ஷெர்லொக் ஹோம்ஸின் மின்னல் மூளை இவருக்கு இல்லை. குற்றம் நடந்த ஊருக்குப் போவார்; அங்குள்ள உணவகத்தில் அமர்ந்து பியர் அருந்துவார்; மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்; அவ்வூரவரைப் போலவே உணரத் தொடங்குவார். ஒருநாள், குற்றவாளி ஏன் அதனைச் செய்தான் என்பது அவருக்கு விளங்கிவிடும்.

இந்நாவல்களைப் பற்றி எழுதுவோர் ஆசிரியரைப் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். நான் இங்கு எழுத விரும்புவது அவற்றின் வாசகரைப் பற்றி. ஏனெனில் மெக்ரேயை ஒவ்வொரு வாசகரும் ஒவ்வொரு விதமாகக் கண்டனர். அவர்கள் கண்ட விதங்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும்போது, நம்முன் ஒரு வழக்கே விரிகின்றது.

முதல் வாசகர்கள்

சிமெனோனின் எழுத்தைத் திருத்திய முதல் பெரிய வாசகர் கொலெத் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர். 1923ஆம் ஆண்டளவில் 'லெ மத்தேன்' என்னும் பாரிஸ் பத்திரிகையின் இலக்கியப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. இளைஞரான சிமெனோன் கொண்டுசென்ற கதைகளை அவர் திருப்பித் தந்தார். கதைகளிலே 'இலக்கியம்' மிகுதியாக இருக்கிறது, அதை நீக்கிவிட்டு வா என்பதே அவர் கூறிய புத்திமதி. இலக்கியப் பக்கத்தின் ஆசிரியரே இலக்கியத்தை நீக்கச் சொன்னது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லைச் சிமெனோன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அலங்காரச் சொற்களை வெட்டி எறிவதே தமது திருத்தவேலை என்று பிற்காலத்திற் பலமுறை கூறினார். மழையை மழை என்று மட்டும் எழுதும் துணிவு அவருக்கு அங்கேதான் பிறந்தது.

இரண்டாவது வாசகர் அவருடைய பதிப்பாளர் ஃபாயார். மெக்ரே நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளை வாசித்துவிட்டு அவர் அடுக்கிய குறைகளைச் சிமெனோனே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்துள்ளார். இவை உண்மையான துப்பறியும் கதைகளாகா, புதிர் போதாது, காதல் இல்லை, முற்றிலும் நல்லவனும் இல்லை, முற்றிலும் தீயவனும் இல்லை, முடிவும் மங்களமாய் இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு அவர் நாவல்களை வெளியிடவும் செய்தார். 1931 பெப்ரவரியில் பாரிஸின் மொன்பர்னாஸ் பகுதியிலுள்ள இரவு விடுதியொன்றில் வெளியீட்டுக் கொண்டாட்டம் நடந்தது. வந்த விருந்தினரின் விரல் ரேகைகளை, குற்றவாளிகளிடம் பதிவதுபோல, வாசலிலேயே பதிந்துகொண்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பத்துக்கு மேற்பட்ட மெக்ரே நாவல்கள் வெளிவந்துவிட்டன. பதிப்பாளர் குறையென்று எண்ணியவற்றையே வாசகர்கள் குணமென்று கொண்டனர்.

அது எவ்வாறு என்பதை என் அனுபவத்திலிருந்தே கூறலாம். நான் முதலில் வாசித்த மெக்ரே நாவல் 'மஞ்சள் நாய்'. பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள கொங்கார்னோ என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் கதை. அட்டை கழன்ற பழைய பிரதி. ஒரே இரவில் முடித்தேன். குற்றவாளி யாரென்பது சில மாதங்களில் எனக்கு மறந்துபோயிற்று. மறவாமல் நின்றது உணவகப் பணிப்பெண் எம்மாவின் முகம். ஊர்ப் பெரிய மனிதரெல்லாம் அவளை ஒரு பொருட்டாக எண்ணாதிருக்க, மெக்ரே ஒருவரே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதிகாரம் படைத்த ஒருவர் எளியவளொருத்தியை அவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதை நான் வேறெந்தப் பொலிஸ் கதையிலும் அதுவரை கண்டதில்லை.

பொலிஸாரும் வாசித்தனர்

மெக்ரே கதைகளை ஆவலோடு வாசித்தவர்களுள் உண்மையான பாரிஸ் பொலிஸாரும் இருந்தனர். சேன் நதியின் ஓரம், ஓர்பேவ்ர் கரைவீதியின் 36ஆம் இலக்கக் கட்டடமே அவர்களது குற்றப் புலனாய்வுத் தலைமையகம். (அத்தலைமையகம் 2017இல் நகரின் வடமேற்கிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியபோது, பழைய 36 என்ற இலக்கத்தையும் கூடவே எடுத்துச் சென்றார்கள்.) அன்று அதன் பணிப்பாளராக இருந்த க்ஸவியே கிஷார், ஆரம்ப நாவல்களிலே மலிந்து கிடந்த தவறுகளைக் கண்டு, எழுதுவதானால் வந்து நேரிற் பார்த்து எழுதும் என்று சிமெனோனை அழைத்தார். மெக்ரேயின் பதவியிலிருக்கும் ஓர் அதிகாரி மழையில் நனைந்துகொண்டு தெருத்தெருவாகச் சந்தேகநபரைப் பின்தொடரமாட்டார். அது கீழ்நிலை ஊழியரின் வேலை. சிமெனோன் சென்று பார்த்தார். விசாரணை அறைகளைக் கண்டார். மார்செல் கியோம் போன்ற அனுபவமிக்க அதிகாரிகளுடன் பழகினார். ஆயினும் மெக்ரேயைத் தெருவிலிருந்து அவர் அகற்றவில்லை. அலுவலக நாற்காலியில் அமர்ந்த மெக்ரேக்கு எம்மாவின் முகத்தைப் பார்க்க வாய்ப்பேது?

சாதாரண வாசகரும் தவறுகளைக் கண்டுபிடித்தனர். முதலாவது மெக்ரே நாவலிலே கொல்லப்பட்ட உதவியாளர் தோரன்ஸ், பின்வந்த நாவல்களில் ஒன்றும் நடவாதவர்போல் உயிரோடு வேலைக்கு வருகிறார்! இத்தகைய முறைப்பாடுகளுக்கெல்லாம் சிமெனோன் அளித்த மறுமொழி ஒரு முழு நூலாகவே அமைந்தது. 1951இல் வெளிவந்த 'மெக்ரேயின் நினைவுகள்' என்னும் அந்நூலை எழுதுபவர் மெக்ரேயே. தம்மைப் பற்றிச் சிமெனோன் என்பவர் எழுதிய கதைகளை வாசித்துவிட்டு, ஓய்வுபெற்ற அதிகாரி தம் ஆட்சேபங்களை எழுதுகிறார். வட்டத் தொப்பியையும் வெல்வெற் கழுத்துப்பட்டை தைத்த மேலங்கியையும் தாம் எப்போதோ விட்டுவிட்டதாகவும், இந்த மனிதர் அவற்றைத் தம் தலையிலும் தோளிலும் நிரந்தரமாகச் சுமத்திவிட்டதாகவும் குறைப்படுகிறார். அருகிலிருந்து மனைவி, இதையும் திருத்துங்கள், அதையும் திருத்துங்கள் என்கிறாள். கதாபாத்திரமே வாசகராகி ஆசிரியரை விசாரிக்கும் இந்நூலைப்போல் நான் வாய்விட்டுச் சிரித்து வாசித்தவை சிலவே.

பெரியோர் தீர்ப்பு

வாசகர் வரிசையில் இலக்கியப் பெரியோரும் உளர். 1947இல் நோபல் பரிசு பெற்ற ஆந்திரே ஜீட் பல ஆண்டுகள் சிமெனோனுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவருடைய நூல்களைத் தேடித்தேடி வாசித்தார். அவரைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்று எழுதவும் எண்ணியிருந்தார், ஆயினும் அது முற்றுப்பெறவில்லை. பெருந்திரளான மக்களுக்கென எழுதப்படும் இக்கதைகளைக் கருத்தூன்றி வாசிப்பின் நுண்ணிய வாசகருக்கும் அவற்றில் விருந்துண்டு என்பது ஜீட்டின் கருத்து. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபோக்னரோ, சிமெனோனை வாசிக்கும்போது தமக்குச் செக்கோவின் நினைவு வருவதாக 1956இல் ஒரு பேட்டியிற் கூறினார்.

இவ்வளவும் எனக்குப் பெரும் ஆறுதலாயின. ஜீட்டும் ஃபோக்னரும் பக்கத்துணையாக நிற்கையில், மேசைமேல் நூலைக் கவிழ்த்து வைக்கவேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. 1966இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில் மெக்ரேக்கு வெண்கலச் சிலை நாட்டினார்கள். முதல் மெக்ரே நாவலைத் தம் படகு அங்கே பழுதுபார்க்கப்பட்ட நாட்களிலே எழுதியதாகச் சிமெனோன் சொல்லிவந்தார். பல நாடுகளில் மெக்ரேயாக நடித்த நடிகர்கள் அச்சிலை திறப்பில் ஒன்றாக நின்ற படத்தைப் பார்த்து, நானும் அக்கூட்டத்தில் ஒருவன்போல் மகிழ்ந்தேன். புரிந்துகொள், தீர்ப்பளியாதே என்பது சிமெனோனின் வாழ்க்கை வாக்கியம். மருத்துவம் படிக்கத் தொடங்கி இடையில் விட்ட மெக்ரே, தாம் சிறுவயதில் மனிதரின் விதியைச் செப்பனிடுபவராக வர விரும்பியதாக ஒரு நாவலிலே நினைவுகூர்கிறார். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றிலே ஒரு குளிர்ச்சி பரவும் எளிய மனிதருக்கு இவரைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

கதையில் இல்லாத ஜூலை

பின்னர் ஒருநாள் பாரிஸ் வரலாற்று நூலொன்றை வாசிக்க நேர்ந்தது. 1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 13,000 யூதர் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் 4,000க்கு மேற்பட்டோர் சிறுவர். குடும்பங்களைக் குளிர்கால சைக்கிளோட்ட அரங்கினுள் அடைத்து, பின்னர் தடுப்பு முகாம்களுக்கும், அங்கிருந்து அவுஷ்விற்ஸுக்கும் அனுப்பினார்கள். கட்டளை ஜேர்மனியருடையது. கதவைத் தட்டிய கைகள் பிரெஞ்சுப் பொலிஸாருடையவை. பட்டியல்களைத் தயாரித்ததும் ஆட்களை அனுப்பியதும் பாரிஸ் பொலிஸ் தலைமைப் பணிமனை. மெக்ரேயின் புலனாய்வுப் பிரிவும் அதே பணிமனையின் ஓர் உறுப்பு. பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஜனாதிபதி ஜாக் சிராக் 1995இலேயே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

நான் அலுமாரியிலிருந்த மெக்ரே நாவல்களை இறக்கி, போர்க்காலத்துக்குரியவற்றைப் பொறுக்கி வாசித்தேன். 1942இலும் 1944இலும் வெளியானவற்றில் ஆக்கிரமிப்பு இல்லை. ஜேர்மன் படைவீரன் ஒருவனும் தெருவைக் கடக்கவில்லை. உணவுப் பங்கீடு இல்லை. மஞ்சள் நட்சத்திரம் இல்லை. மெக்ரே எப்போதும்போல் தம் அறையின் கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். அதே வேளையில் ஜேர்மனியர் கட்டுப்பாட்டில் இயங்கிய கொன்டினென்டல் என்னும் நிறுவனத்துக்கு மெக்ரே கதைகளைப் படமாக்கும் உரிமையைச் சிமெனோன் விற்றிருந்தார். 1943க்கும் 1945க்கும் இடையில் அவ்வாறு மூன்று படங்கள் வெளிவந்தன.

இன்னும் பின்னோக்கிச் சென்றேன். 1921இல், பதினெட்டு வயது நிருபராக, லியேஜ் பத்திரிகையில் யூதருக்கு எதிரான கட்டுரைத் தொடரொன்றைச் சிமெனோன் எழுதியிருக்கிறார். மொத்தம் 17 கட்டுரைகள். முதலாவது மெக்ரே நாவலில் பாரிஸின் மறே பகுதியிலுள்ள யூதக் குடியிருப்புக்கு மெக்ரே செல்லும் அத்தியாயத்தைத் திரும்பவும் வாசித்தபோது, முன்பு சூழல் வருணனை என்று கடந்துபோன வரிகளிலே வெறுப்பின் வாடை வீசியது. 1942இல் பொலிஸார் ஏறி இறங்கிய மாடிப்படிகளுள் அப்பகுதியின் படிகளும் அடங்கும்.

இதில் இன்னுமொரு விந்தை உண்டு. போர்க்காலத்திற் சிமெனோன் மேற்குப் பிரான்ஸில் வசித்தபோது, அவர் பெயரே யூதப் பெயர்போல் ஒலிக்கிறது என்று ஐயுற்ற அதிகாரியொருவர், முன்னோரின் கிறிஸ்தவச் சான்றிதழ்களைக் காட்டும்படி கேட்டாராம். 1981இல் வெளியான தம் நினைவு நூலில் சிமெனோன் இதனை எழுதியுள்ளார். கதவு தட்டப்படும் அச்சத்தை அவரும் ஒரு கணம் அறிந்தேயிருந்தார். அறிந்தும், மெக்ரே மௌனமாகவே இருந்தார்.

நான் நூல்களை மீண்டும் அலுமாரியில் வைத்தேன். இம்முறை கல்விமான் எவருக்கும் கூச்சப்பட்டு வைக்கவில்லை. சில ஆண்டுகள் அவற்றைத் தொடவேயில்லை. நண்பர்கள் என்னைக் கடிந்தனர். ஜேர்மன் தணிக்கையின்கீழ் எழுதியவர் வேறென்ன செய்வார் என்றார் ஒருவர். கதையைக் கதையாக வாசியும் என்றார் மற்றொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் மெக்ரேயின் நற்குணத்தை நான் கதையாக மட்டும் வாசிக்கவில்லையே! அதனை நம்பியல்லவா வாசித்தேன்? நம்பாத வாசகனுக்குத்தான் ஏமாற்றமும் இல்லை.

மெக்ரே வராத வழக்கு

என்னைத் திரும்ப அழைத்து வந்தது மெக்ரே இல்லாத ஒரு நாவல். 1961இல் சிமெனோன் எழுதிய 'ரயில்' என்பது அது. 1940 மே மாதம். ஜேர்மன் படை நுழைகிறது. எல்லைப்புறச் சிற்றூரில் வானொலி திருத்தும் மார்செல் என்பவன் குடும்பத்தோடு அகதி ரயிலில் ஏறுகிறான். வழியிலே பெட்டிகள் பிரிக்கப்பட, மனைவியும் மகளும் வேறெங்கோ போய்விடுகின்றனர். அவனிருந்த பெட்டியில் அன்னா என்னும் யூதப் பெண். இருவரும் லா றொஷெல் துறைமுகத்து அகதி முகாம் வரை ஒன்றாகச் சென்று, காதலித்து, பிரிகின்றனர். லா றொஷெலிலே 1940இல் பெல்ஜிய அகதிகளைப் பொறுப்பேற்றவர் சிமெனோனே என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கதையின் கடைசிப் பக்கங்களிலே மார்செல் மனைவி மக்களோடு பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டான். ஆக்கிரமிப்புக் காலத்து இரவொன்றில் அன்னா அவன்முன் வருகிறாள். அவளோடு ஓர் ஆங்கில விமானி; ஒளித்து வைக்க இடம் வேண்டும். மார்செல் தயங்குகிறான். அந்தத் தயக்கமே அவளுக்குப் போதுமாயிருக்கிறது. கோபிக்காமல் போய்விடுகிறாள். சில வாரங்களின் பின்னர், சுட்டுக்கொல்லப்பட்டோரின் பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது.

சட்டப்படி மார்செல் எக்குற்றமும் செய்யவில்லை. ஆகையால் இவ்வழக்குக்கு மெக்ரே வரப்போவதில்லை. மார்செலே தன் நடத்தையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறான், வாசிப்பவர் விசாரித்துக்கொள்ளட்டும். தயங்கி நின்ற அம்மனிதனைப் படைத்தபோது தம் மௌனத்தைச் சிமெனோன் நினைத்தாரா என்பது அவர் உள்ளம் மட்டும் அறிந்தது. வாசகனாகிய நான் நினைத்தேன். அந்நாவல் எனக்கு ஒரு வாக்குமூலமாகவே பட்டது. தாமதமாக, வேறொருவன் வாயிலாக, மெல்லிய குரலில் அளிக்கப்பட்ட வாக்குமூலம்.

அதன்பின் மெக்ரேயை நான் மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். இப்போது வாசிக்கும்போது முன்பு கவனியாத ஒன்று கண்ணிற்படுகிறது. மெக்ரே சிலரை விட்டுவிடுவதுண்டு. ஆரம்ப நாவலொன்றில், பழைய கொலையொன்றில் தொடர்புடைய நண்பர்களை, அவர்களது குழந்தைகளை எண்ணி, காலவரம்பு கடந்துபோக விட்டுவிடுகிறார். ஆனால் பெரும்பாலான கதைகளில் அவ்வாறில்லை. குற்றவாளியை அவனது தாயும் அறியாத அளவுக்கு அறிந்துகொள்கிறார். இரவெல்லாம் எதிரே அமர்ந்து, பியரும் சான்ட்விச்சும் வரவழைத்துக் கொடுத்து, அவன் கதையைக் கேட்கிறார். விடிந்ததும் அவனை நீதவானிடம் அனுப்பி வைக்கிறார். அதன்பின் வீடு திரும்பும் அவரது நடையில் வெற்றிக்களிப்பு இராது. புரிந்துகொள்வதும் விடுதலை செய்வதும் ஒன்றாகா என்பதை அவர் நன்கு அறிவார்.

சிமெனோன் 1989 செப்ரெம்பரில் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் காலமானார். அவரை விசாரிக்கும் உரிமை இனி வாசகருக்கே உரியது. பதினெட்டு வயதில் அவர் எழுதியதையும், நாற்பது வயதில் எழுதாமல் விட்டதையும் எதிரே வைத்து, அவர் நமக்குக் கற்பித்த முறையிலேயே விசாரிக்கலாம்: பொறுமையாக, அவர் தரப்பு முழுவதையும் கேட்டு, கடைசியில் குற்றத்தைக் குற்றமென்றே பதிந்து. அவ்வாறு பதிந்த பின்னரும் கொங்கார்னோ உணவகத்து எம்மாவின் முகம் என் நினைவைவிட்டு அகலவில்லை. அகலவேண்டுமென்று நான் விரும்பவுமில்லை.

என் மேசையில் இப்போது 'மஞ்சள் நாய்' நிமிர்ந்தே கிடக்கிறது. அதன் பக்கத்தில் 'ரயில்' இருக்கிறது. ஒன்றை வாசிக்கக் கேட்டு வரும் நண்பர்களுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.